காத்துக்காரரின் பச்சைப் பலகை

அந்த வட்டாரத்தில் அவரைக் காத்துக்காரர் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். புதிதாகக் குடிவந்த ஒருவர், அவர் ஏதோ டயருக்குக் காற்றடிப்பவர் என்று நினைத்து, இறங்கிப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற கதையும் உண்டு. "நான் காத்து அடிக்கிறவன் இல்லப்பா, காத்தை அளக்கிறவன்" என்று சொல்லிச் சிரித்தார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

உண்மையில் காற்றை அளந்தது அவரல்ல, ஒரு பெட்டி. நகராட்சிக் கிளை அலுவலகத்தின் மொட்டைமாடியில், ஃபிரிட்ஜ் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. அதன் தலையிலிருந்து ஒரு குழாய் மேலே போகும். குழாயின் நுனியில் மழை இறங்காதபடி ஒரு தொப்பி. நாள் முழுக்க அது ஊரின் காற்றை உறிஞ்சி, அதில் கண்ணுக்குத் தெரியாத புகைத்தூசி எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். தொப்பியைத் துடைப்பது, வடிதாளை மாற்றுவது, மாடியைப் பெருக்குவது, காலை ஆறு மணிக்கும் பத்துக்கும் மாலை நாலுக்கும் எண்ணைப் பதிவேட்டில் எழுதுவது, இதுதான் அவர் வேலை. பெட்டி சொல்லும் எண் கீழே நாற்சந்தியில், மைதானத்து வாசலில் நிற்கும் மின்பலகையில் எரியும். காற்று நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. அந்த நாற்சந்தியில் லாரியும் பஸ்ஸும் முட்டி மோதிக்கொண்டு நிற்கும். பலகை மாட்டிய முதல் வருஷம் அது பச்சையைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

இப்போது சொல்லப்போகிற விஷயத்தை அவர் வாயால் சொல்லவைக்க ரொம்ப நாள் ஆயிற்று. சொல்லும்போதும் மனுஷன் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கோடையில் பக்கத்துக் கட்டடத்தில் பூச்சு வேலை நடந்தது. மாடியெல்லாம் ஒரே சிமெண்ட் தூசி. காலையில் வந்ததும் தண்ணீர்க் குழாயைத் திறந்து மாடி முழுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவினார். அரைமணி கழித்துப் பார்த்தால் பெட்டியின் எண் பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது. கீழே பலகை மஞ்சளுக்கு வந்திருந்தது. மேற்பார்வையாளர் அலுவலகத்துக்குள் நுழையும்போதே, "அட, இன்னிக்குப் பரவாயில்லையே! என்னய்யா பண்ணின?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார், மாடியைக் கழுவினேன்."

மேற்பார்வையாளர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "மாடியைச் சுத்தமா வச்சுக்கிறது நல்லதுதானே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை இவரே புரிந்துகொண்டார்.

அப்படிச் செய் என்று யாரும் இவர் கழுத்தைப் பிடித்து நெட்டவில்லை. இவரே நோண்டி நோண்டிக் கண்டுபிடித்த வித்தை அது. தொப்பியின் மேலேயே தண்ணீர் அடித்தால் காரியம் கெட்டுவிடும், நீர்த்துளியையும் தூசி என்று எண்ணிக்கொண்டு பெட்டி எகிறும். பத்தடி தள்ளி நிற்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நிற்க வேண்டும். குழாய் முனையைப் பெருவிரலால் பாதி மூடி, புகைமாதிரி மேலே பீய்ச்ச வேண்டும். விடியற்காலை அரைமணி, பிறகு மணிக்கொரு தரம் ஒரு சுற்று. இப்படிச் செய்தால் நாற்சந்தி முழுக்கப் புகையில் கிடந்தாலும் பெட்டிக்கு மட்டும் நல்ல காற்று வரும். பலகையில் பச்சை எரியும். இந்தச் சூட்சுமம் பிடிபட்ட அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. படித்த இன்ஜினியர்களுக்கு வராதது நமக்கு வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

அடுத்த வருஷம் அந்தக் கிளைக்கு 'தூய காற்று' கேடயம் கிடைத்தது. கேடயத்தைக் கையில் பிடித்தபடி எடுத்த போட்டோவில் மேற்பார்வையாளருக்குப் பக்கத்தில் காத்துக்காரரும் நிற்கிறார், சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவர் மனைவி அதற்குச் சட்டம் போட்டு முன்னறையில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டினாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவங்க பொறுப்புலதான் காத்தே இருக்கு" என்று தம்பட்டம் அடித்தாள்.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்சந்தியைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தை ஒட்டிய தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை தைப்பவள். மெஷின் ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே பஸ் நின்று நின்று கிளம்பும், ஒவ்வொன்றும் இவள் முகத்திலேயே உறுமிவிட்டுப் போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூக்கைத் துடைத்தால் கைக்குட்டையில் கரி இருக்கும். "பலகையில பச்சைதான் எரியுது, இந்தக் கரி எங்கேர்ந்துதான் வருதோ" என்பாள். இவர் கேட்காதவர் மாதிரி செய்தித்தாளைப் புரட்டுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்கு நடந்து போகும் வழியில் அவளுக்குத் தாடை வலித்தது. இடது கை மரத்தது. வாயு என்று நினைத்துக்கொண்டு போய் மெஷினில் உட்கார்ந்தவள், பாதிச் சட்டை தைப்பதற்குள் வியர்த்துக் கொட்டிச் சாய்ந்துவிட்டாள். தையல் கூடத்துப் பெண்கள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு. உடனே ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று இதய டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். நிதானமான அம்மா. மாத்திரை, உப்பு, எண்ணெய் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "வேலை எங்கம்மா?" என்று கேட்டார். சொன்னாள்.

"அதான் கேட்டேன். பெரிய தூசி மூக்கோட நின்னுடும்மா, தும்மினாப் போயிடும். இந்த வண்டிப்புகையில இருக்கிற பொடித்தூசி அப்படி இல்ல. நுரையீரல் வரைக்கும் போயி, அங்கேர்ந்து ரத்தத்துலயும் கலந்துடும். ரத்தக் குழாயோட உள்சுவர் அதனால வீங்கும், கொழுப்பு படியறது ஜாஸ்தியாகும், பிரஷர் ஏறும், ரத்தம் சட்டுனு உறையப் பாக்கும். ஏற்கெனவே அடைப்பு இருக்கிறவங்களுக்கு மோசமான காத்து ரெண்டு மணி நேரம் பட்டாக்கூட ஆபத்துதான்."

"அப்ப இதனாலதான் வந்துச்சுங்களா டாக்டர்?"

"ஒரு நாள் காத்தைக் காட்டி இதாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, வயசு இருக்கு. ஆனா இதுக்கும் பங்கு உண்டு. தினம் அரைமணி நடங்க. நடக்கும்போது மூச்சு வேகமா இழுப்போம், அழுக்குக் காத்தா இருந்தா அதையும் சேர்த்து நிறைய இழுப்போம். அதனால காத்து நல்லா இருக்கிற நாள் மட்டும் வெளியில நடங்க. மத்த நாள் வீட்டுக்குள்ளயே. உங்க மைதானத்து வாசல்ல போர்டு இருக்கே, பச்சைன்னா போங்க, சிவப்புன்னா திரும்பிடுங்க."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அந்த போர்டைப் பாத்துக்கிறதே இவங்கதான் டாக்டர்!"

டாக்டர் இவரைப் பார்த்துச் சிரித்தார். "அப்புறம் என்ன கவலை? வீட்டுக்குள்ளயே ஆளை வச்சிருக்கீங்க."

காத்துக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். மூன்றே பேர், கதவு சாத்திய அறை, சொன்னால் டாக்டர் அடிக்கவா போகிறார்? அவர் வாயைத் திறந்தார். "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா டாக்டர்?" என்று கேட்டார். அடப்பாவி மனுஷா!

ஒரு மாதம் ஓய்வெடுத்தபின் அவள் நடக்கத் தயாரானாள். அதற்காகவே கான்வாஸ் ஷூ வாங்கினாள். முதல் நாள் காலை இவர், "மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார். வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. மறுநாள், "எனக்கு முழங்கால் வலிக்குது" என்றார்.

"உங்க முழங்காலுக்கும் என் நடைக்கும் என்னங்க சம்பந்தம்?"

மூன்றாம் நாள் ஷூவைக் காணோம். பரணில் பழைய துணிமூட்டைக்குப் பின்னால் போட்டிருந்தார். அவள் செருப்போடு கிளம்பிப் போனாள். திரும்பி வந்து மூட்டையை நகர்த்தி, ஷூவை எடுத்து அவர் காலடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "நான் எழுந்து நடமாடறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

இவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் சாகக் கூடாதே என்றுதான் மனுஷன் இந்தக் கோமாளித்தனமெல்லாம் செய்கிறார், அதை எந்த வாயால் சொல்வது?

தண்ணீர் அடிக்காமல் இருந்துவிட்டால் தீர்ந்ததே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் ஒரு நாள் செய்து பார்த்தார். பலகை ஆறு மணிக்குச் சிவந்தது. அவள் மைதானத்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வீடு திரும்பினாள். இவருக்கு அப்பாடா என்றிருந்தது. இருபது நிமிஷத்தில் மேற்பார்வையாளர் போனில் வந்தார். "என்னய்யா, பெட்டி ரிப்பேரா? நாளைக்குப் பெரிய ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க தெரியுமில்ல?" என்றார். "இல்ல சார், பாத்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டு, அதே கையோடு குழாயைத் திறந்தார். ஏழு மணிக்குப் பலகை பச்சை. அவள் சந்தோஷமாக மறுபடி கிளம்பிப் போய் நடந்துவிட்டு வந்து, "உங்க கை பட்டாத்தான் அது ஒழுங்கா ஓடுது" என்றாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தானுண்டு தன் நடையுண்டு என்று இருக்கிற ரகமில்லை அவள். டாக்டர் சொன்னதைத் தெருவுக்கே ஒப்பித்தாள். இரண்டே மாதத்தில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. பிரஷர் உள்ள ஓய்வுபெற்ற டீச்சர், பைபாஸ் ஆன இஸ்திரிக்கடைக்காரர், நெஞ்சுவலி வந்து மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பஸ் கண்டக்டர். காலை ஆறரைக்கு நாலு பேரும் பலகைக்குக் கீழே கூடுவார்கள். அண்ணாந்து பார்ப்பார்கள். பச்சை என்றால் கண்டக்டர் வாயாலேயே விசில் கொடுப்பார், "ரைட், ரைட், போலாம்!" என்பார், வரிசை கிளம்பும். மாடியில் குழாயும் கையுமாக நிற்கும் இவரைப் பார்த்துக் கையசைப்பார்கள். "தம்பி, செடிக்குத் தண்ணியா?" என்று கண்டக்டர் கீழேயிருந்து கத்துவார். மாடியில் ஒரு செடி கிடையாது. இவர் தலையை ஆட்டுவார். சாயங்காலம் போய் இரண்டு பூந்தொட்டி வாங்கி வைத்தார். பொய்க்கு முட்டுக்கொடுக்கப் பூச்செடி! வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்தத் தொட்டியைத் தூக்கும்போதே கை கூசியிருக்க வேண்டும். கூசியதாகத்தான் சொல்கிறார். ஆனாலும் தூக்கினார்.

குளிர்காலம் வந்தது. அந்தப் பருவத்தில் புகை மேலே எழும்பாது, தெருவிலேயே படுத்துக் கிடக்கும். தெருமுனை விளக்குகூடக் கலங்கித் தெரியும். பெட்டியின் உண்மையான எண் எங்கேயோ ஏறிப்போயிற்று. இவர் அரைமணி அடித்த தண்ணீரை முக்கால் மணி அடித்தார். அப்படியொரு திங்கட்கிழமையும் பச்சை எரிந்தது. மாடியிலிருந்து இவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மைதானத்தின் தூரத்து மூலையில் கண்டக்டர் நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எதையோ தேடுகிறவர் மாதிரி மெல்லக் கீழே உட்கார்ந்தார். இஸ்திரிக்கடைக்காரர் ஓடினார். டீச்சர் கூச்சல் போட்டார். காத்துக்காரரின் மனைவி தன் பையிலிருந்த மாத்திரையை எடுத்து அவர் நாக்கின் கீழே வைத்தாள். மாடியில் குழாய் இவர் கையிலிருந்து நழுவி, தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் பிழைத்தார். ஆனால் இதயத்தில் பாதி வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரி, பிறகு வீட்டுக் கட்டில்.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட மறுநாள் காலை, காத்துக்காரர் மாடிக்குப் போனார், பெட்டியைத் துடைத்தார், குழாயைத் திறக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டார். பலகை சிவந்தது. போன் அடித்தது. எடுத்தார்.

"என்னய்யா இது, ரத்தக் களரியா இருக்கு போர்டு?"

"சார், இனிமே தண்ணி அடிக்க மாட்டேன் சார்."

"என்ன தண்ணி? எனக்கு ஒண்ணும் தெரியாதே. நான் உன்னைத் தண்ணி அடிக்கச் சொன்னேனா?"

இவர் யோசித்துப் பார்த்தார். "இல்ல சார், நீங்க சொல்லல" என்றார். அதுவும் உண்மைதான், அதுதான் கொடுமை.

போனை வைக்கும்போது மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவர் மனைவி. படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்க, பாதிப்பாதியாக நின்று நின்று ஏறி வந்திருக்கிறாள். "என்னங்க, உங்க மிஷினுக்கு என்ன ஆச்சு? சிவப்பா எரியுது. டீச்சரும் இஸ்திரிக்காரரும் கீழ காத்துக்கிட்டு இருக்காங்க. சீக்கிரம் சரிபண்ணுங்க."

"மிஷினுக்கு ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"இன்னிக்குத்தான் அது சரியா இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. பூத்தொட்டி இரண்டும் காய்ந்து கிடப்பதைப் பார்த்தாள். மாடி முழுக்கச் சுற்றிக்கிடக்கும் நீளக் குழாயைப் பார்த்தாள். இவர் சொன்னார். மென்று மென்று, விட்டு விட்டு, பத்தடி தூரம், பெருவிரல், காற்று வரும் பக்கம் எல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவள் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இவர் பதறிப்போய்க் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வந்துச்சே, அந்த வியாழக்கிழமை. அன்னிக்கு போர்டுல என்ன எரிஞ்சுது?"

இவர் குழாயைச் சுருட்டக் குனிந்தார்.

"நோட்டு வச்சிருப்பீங்களே. பாத்துச் சொல்லுங்க."

பார்க்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எத்தனை தரம் அதைப் புரட்டியிருப்பார்! காலை ஆறு மணி, எண் நாற்பத்தொன்று, நிறம் பச்சை, கீழே அவரது கையெழுத்து.

"பச்சை" என்றார்.

அவள் நாற்சந்தியைப் பார்த்தாள். பஸ்கள் வரிசையாக நின்று புகைந்துகொண்டிருந்தன. "அன்னிக்குத் தாடை வலிச்சப்போ ஆட்டோவுல போயிடலாமான்னு நினைச்சேன். அப்புறம் போர்டைப் பாத்தேன். காத்து நல்லாத்தானே இருக்கு, நடந்தா வாயு கலையும்னு நடந்தேன்" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. கடைக்குப் போன கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"என்னை மன்னிச்சிடு."

"என்னை விடுங்க. நான் போயிருந்தா உங்க பொண்டாட்டி போனாள்னு நீங்களே அழுதுட்டு இருந்திருப்பீங்க. கண்டக்டரண்ணன் யார் வீட்டு மனுஷன்? நான்தானே கூப்பிட்டேன் அவரை? எங்க வீட்டுக்காரர் போர்டுன்னு சொல்லித்தானே கூப்பிட்டேன்?" இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "வாங்க. அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. இன்னிக்கே."

கீழே வந்ததும் டீச்சரையும் இஸ்திரிக்கடைக்காரரையும் வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பினாள். "இவங்க அப்புறம் வந்து உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லுவாங்க" என்றாள். அவர்கள் ஒன்றும் புரியாமல் போனார்கள்.

கண்டக்டர் வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்து போகும்போது இவர் மூன்றடி பின்னால் வந்தார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது, "என்ன காத்துக்காரரே, ஜோடியா எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார்கள். அவள் நிற்காமல் நடந்தாள், இவரும் பின்னாலேயே போனார்.

கண்டக்டரின் மகள் கதவைத் திறந்தாள். வங்கியில் வேலை பார்ப்பவள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டிருந்தாள். கண்டக்டர் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். பாதி உடம்பாகியிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"படுங்கண்ணே, படுங்க" என்றாள் காத்துக்காரரின் மனைவி.

"வாங்க தம்பி. உங்களைப் பாக்கவே கூச்சமா இருக்கு" என்றார் கண்டக்டர்.

விஷயம் அதற்குள் எப்படித் தெரிந்தது? காத்துக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அவ்வளவு சொல்லியும் கேக்காம இப்படிப் பண்ணிட்டேனே! டாக்டர் அரைமணிதான்னு சொன்னாரு. நான்தான், பச்சை எரியுதே, காத்து நல்லா இருக்கேன்னு, ரெண்டு சுத்து சேர்த்துப் போயிட்டேன். இப்ப இவளுக்கு லீவு, உங்களுக்கெல்லாம் அலைச்சல். உங்க போர்டுக்கு வேற கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். அதுக்குக் கீழயே நடந்தவன் விழுந்தான்னு நாலு பேரு பேசுவாங்க இல்ல?"

"பத்து நாளா இதேதான் புலம்பல்" என்றாள் மகள், பாதி கோபமும் பாதி அலுப்புமாக. "நானும் திட்டிட்டேன். இந்த வயசுல என்ன ஆட்டம், சொன்ன பேச்சைக் கேட்டா என்னன்னு. சின்னப் பிள்ளையா இருந்தா முதுகுல ரெண்டு வைக்கலாம். அப்பாவை என்ன பண்றது?"

கண்டக்டர் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி போர்வையைப் பார்த்தார்.

காத்துக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்று கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லிவிடப் போவதில்லை, இவரை விட்டுவிடவும் போவதில்லை.

"அண்ணே, அன்னிக்குக் காத்து நல்லா இல்ல" என்றார் இவர்.

"என்னது?"

"மகா மோசமா இருந்துச்சு. போர்டு சொன்னது பொய். பெட்டியைச் சுத்தித் தண்ணி அடிச்சு நான்தான் அதைப் பொய் சொல்ல வச்சேன். அன்னிக்கு மட்டும் இல்ல. மூணு வருஷமா. செடிக்குத் தண்ணியான்னு கேட்டீங்களே, அது செடிக்கு இல்லண்ணே."

மகள் நிமிர்ந்தாள். அவள் முகம் மாறிக்கொண்டு வந்ததை இவர் ஓரக்கண்ணால் பார்த்தார். வரட்டும், கன்னத்தில் அறையட்டும், தெருவில் இழுத்துவிட்டுக் கேட்கட்டும் என்று தலையைக் குனிந்து நின்றார். வாங்கிக்கொள்ளத்தானே வந்தார்! வாங்கிக்கொண்டால் மனப் பாரம் ஒரு பிடியாவது குறையுமே என்றுகூட ஒரு நப்பாசை இருந்தது.

கண்டக்டர் கண்ணைச் சுருக்கி யோசித்தார். "அப்ப அன்னிக்குச் சிவப்பு எரிஞ்சிருக்கணுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாண்ணே."

"சிவப்பு எரிஞ்சிருந்தா நான் ஒரு சுத்துகூடப் போயிருக்க மாட்டேனே. திரும்பி வீட்டுக்கு வந்திருப்பேன். சிவப்புன்னா திரும்பிடணும்னுதானே உங்க வீட்டம்மா சொல்லியிருந்தாங்க!"

"ஆமாண்ணே."

அவர் முகத்தில் என்னவோ தளர்ந்தது. பத்து நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கிவைத்தவர் போலத் தலையணையில் சாய்ந்தார். மகளின் கையைத் தொட்டார்.

"கேட்டியாம்மா? நான் ஒண்ணும் சொன்ன பேச்சைக் கேக்காம ஆட்டம் போடல. என் மேல தப்பு இல்ல. இவரே வந்து சொல்றாரு பாரு" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகள் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். காத்துக்காரரை யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கண்டக்டர்தான், "நின்னுக்கிட்டே இருக்கீங்களே தம்பி, உக்காருங்க" என்றார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. இவரால் அதில் உட்கார முடியவில்லை.

வீடு திரும்பியதும் அவர் மனைவி ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு முன்னறைப் போட்டோவைக் கழற்றினாள். உடைக்கவில்லை. தூசி தட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, "டீச்சர் வீட்டுக்கு எப்ப போறீங்க?" என்று கேட்டாள்.